மூன்று குமிழ்களுக்கு வயர் இருந்ததா?

கல்யாண வீட்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவனிடம் வந்து யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு, பொண்ணு மொகம் தெரியல" என்று சொல்லத்தான் வருவார்கள். அப்படித் தள்ளித் தள்ளி நின்றே எண்பதுகளில் ஆறேழு வருடம் கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வாசித்திருக்கிறேன். உங்களில் யாராவது நாலு கம்பி வாசித்தவர்களாக இருந்தால், மேடையில் நான் எந்த மூலையில் நின்றிருப்பேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி எழுதப்போவதை நானே பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் கிட்டாரில் ஐந்து குமிழ்கள் இருந்தன. இரண்டு குமிழ்கள் சத்தத்துக்கு. மற்ற மூன்றும் தொனிக்கு: பேஸ், மிட், ட்ரெபிள். அந்த மூன்றும் நான்கு வருடம் எந்த வயரோடும் சேராமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன என்று எங்கள் டிரம் வாசிப்பாளன் அந்தோணி பிற்பாடு ஒரு நாள் சொன்னான். சொன்னது அந்தோணி என்பதுதான் சிக்கல். செம்பனை எண்ணெய் ஆலைக் குளத்தில் முதலைக்குப் பெயர் வைத்து வளர்த்ததாகவும் அவன்தான் சொன்னான். ஆனால் என் கிட்டாரைத் திறந்து மூடியவனும் அவன்தான்.

அவன் சொன்னது உண்மையானால், நான் வாசிப்பை விட்டதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் பொய். அவன் சொன்னது பொய்யானால், நான் நல்ல வாசிப்பாளன் இல்லை, நல்ல கிட்டார் வைத்திருந்தவன், அவ்வளவுதான். இரண்டில் எது தேவலாம் என்று ஐம்பத்தாறு வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

நாலு கம்பிக்கு ஐந்து

எங்கள் குழுவில் ஐந்து பேர். கீபோர்டு வாசித்த தேவராஜ் மாஸ்டர்தான் தலைவர். நானும் அந்தோணியும் ஒரே ஆலையில் வேலை. நான் லோரிகளை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதும் கிராணி, அவன் வயர்மேன். முதல் இரண்டு வருடம் மாஸ்டரின் பழைய பேஸ் கிட்டாரைத்தான் வாசித்தேன். அதில் இரண்டே குமிழ்: ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று தொனிக்கு. தொனிக் குமிழைத் திருகினால் கூர்மை குறையும். குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதைத் திருகியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

பிறகு கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய ஐந்து குமிழ் கிட்டாரை வாங்கி வந்தேன். உள்ளே ஒரு சின்ன போர்டு, அதற்கு ஒன்பது வோல்ட் பேட்டரி. ஒவ்வொரு தொனியையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். பேருந்தில் வரும்போதே உறைக்குள் கையை விட்டுக் குமிழ்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

முதல் அரங்கேற்றம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. மைக்செட் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மேடை ஓரமாக வந்து நின்றார். நான் ஒவ்வொரு குமிழாகத் திருகி, காதைச் சாய்த்து, மறுபடி திருகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் ஏதோ பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். "ஏன் தம்பி, நாலு கம்பிக்கு அஞ்சு நாப்பா? எங்கூட்டு ரேடியோவுல ஒலகமே கேக்குது, அதுக்கு ரெண்டுதான்."

மாப்பிள்ளை வந்த நேரம்

இந்த வகைக் கிட்டாரில் பேட்டரிக்குத் தனியாகச் சுவிட்ச் கிடையாது. கேபிளைச் செருகினால் பேட்டரி ஓடத் தொடங்கும், பிடுங்கினால் நிற்கும். பட்டவர்களுக்கு இது தெரியும். விற்றவர் சொன்னாரோ, குமிழ்களைப் பார்த்த மயக்கத்தில் நான்தான் கேட்கவில்லையோ. கேபிள் துளை கொஞ்சம் லூசாக இருந்தது. அடிக்கடி பிடுங்கினால் இன்னும் லூசாகிவிடும் என்று கேபிளைச் செருகியபடியே கிட்டாரைச் சுற்றிக் கட்டி, லயத்து வீட்டில் ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். கிட்டார் எனக்காக இரவும் பகலும் விழித்திருந்தது.

புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு கல்யாணம். வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது வாசிக்க வேண்டிய பாட்டை மாஸ்டர் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதில் முதல் எட்டு அடி பேஸ் மட்டும்தான். மாப்பிள்ளை காலை வைத்தார். என் கிட்டாரிலிருந்து தொண்டையில் சோறு சிக்கியது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. மாப்பிள்ளை ஒற்றைக் காலைத் தூக்கியபடி எங்களைப் பார்த்தார். அந்தோணி எட்டு அடியையும் டிரம்மிலேயே அடித்து அவரை உள்ளே சேர்த்தான்.

மீதி இரண்டு மணி நேரம் நான் வாசிப்பது போல நடித்தேன். விரல்கள் ஓடின, தலையும் ஆடியது. மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் தாய்மாமன் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "பரவால்லலா தம்பி, இன்னைக்குத்தான் பாட்டுல என்னா சொல்றான்னே எனக்குப் புரிஞ்சிச்சு."

அந்தோணி திறந்து மூடியது

புதுப் பேட்டரி போட்டும் கிட்டார் எழுந்திருக்கவில்லை. பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், பழைய பேட்டரியிலிருந்து வடிந்த நீர் போர்டில் பச்சையாகப் பூத்திருந்தது. அந்தோணி அதை முகர்ந்து பார்த்தான். ஆலையில் அரைத் தொன் மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவன். இது என்ன பிரமாதம் என்று அவனிடம் கொடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருந்தது.

திரும்பி வந்தபோது ஐந்து குமிழும் பளபளவென்று துடைத்து, முன்னைவிட இறுக்கமாக, திருகினால் கைக்கு ஒரு மரியாதை தருகிற மாதிரி இருந்தன. மாஸ்டர் வீட்டில் ஆம்ப் பெட்டியில் செருகி வாசித்துப் பார்த்தேன். சத்தம் மட்டும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. புதுச் சாமான், பழக வேண்டும், பெட்டியில் நாலில் வைக்கிறதை ஆறில் வை என்றான் அந்தோணி. ஆறில் வைத்தேன். பேஸ் குமிழைத் திருகினேன், தரை அதிர்ந்தது. ட்ரெபிளைத் திருகினேன், கம்பி பேசியது. அவன் தோளைப் பிடித்து, முன்னைவிட நன்றாக இருக்கிறதடா என்றேன். அந்தோணி ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, பிறகு டிரம் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டான்.

போகும்போது ஒன்றே ஒன்று சொன்னான். அடுத்த நாலு வருடம் அதை நான் வேதம் போலக் கடைப்பிடித்தேன். "பேட்டரிய மாசா மாசம் மாத்திடு. பழசக் குப்பையில போடாத, அது வெசம். எங்கிட்டக் குடு."

மண்டபத்துக்கு ஒரு கணக்கு

நான் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று குமிழ்களையும் கடிகாரம் போல வரைந்து முள் போட்டிருப்பேன். டேவான் என்கிற தகரக் கூரைப் பொது மண்டபம்: பேஸ் ஒரு மணி, மிட் மூன்று, ட்ரெபிள் ஒன்பது. கோயில் திடல்: எல்லாம் இரண்டு மணி. சீனப் பள்ளி மண்டபம் எதிரொலிக்கும். அங்கே பேஸ் பத்தைத் தாண்டக் கூடாது. சிரிக்காதீர்கள். உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும்.

தெரியாமலா இருந்தாய் என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆம்ப் பெட்டி மாஸ்டர் வீட்டு ஸ்டோரில் இருக்கும். என் வீட்டில் கிட்டாரை வெறுமனேதான் வாசிப்பேன். மேடையில் ஏறினால் ஜெனரேட்டர் ஒரு பக்கம், அந்தோணி ஒரு பக்கம். அதோடு இன்னொன்று. கனமான சத்தம் வேண்டும் என்று குமிழைத் திருகுகிறவன் அதோடு நிற்பதில்லை. அவன் வலது கையும் தானாகக் கழுத்துப் பக்கம் நகர்ந்து, விரல் சதையால் கம்பியைத் தொடுகிறது. கூர்மை வேண்டும் என்றால் கை பின்னால் போய் நகத்தோடு இழுக்கிறது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது என் கண் குமிழில் இருந்தது, கையில் இல்லை.

ஒரு திருவிழாவில் கோயில் தலைவர் நேராக என்னிடம் வந்தார். ஸ்பீக்கருக்கு எதிரில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் வாசிக்க வாசிக்க வயிற்றுக்குள் என்னவோ புரளுகிறது, காலையிலிருந்து விரதம் வேறு என்றார். நான் மிகுந்த மரியாதையோடு அவர் கண் முன்னால் பேஸ் குமிழை இரண்டு மணியிலிருந்து பத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த பாட்டை வாசித்தேன். அவர் நாற்காலியை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஆங். இப்ப அடங்கிருச்சு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாஸ்டர்

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக்கு எங்களை அழைத்தார்கள். அழைப்பு வாங்கித் தந்தவர் அங்கே வேலை செய்த செல்வம் என்கிற இளைஞர். அவரும் பேஸ் வாசிப்பவர், எங்கள் குழுவில் சேர ஆசைப்பட்டார். மாஸ்டருக்குத் தர்மசங்கடம். கேட்டு முடிவு செய்கிறேன், யார் நன்றாக வாசிக்கிறார்களோ அவர்தான் இனிமேல் குழுவில் என்று சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. எடை போடும் இடத்தில் ஒரு லோரியை ஏற்றிவிட்டு எடை எழுத மறந்து அனுப்பிவிட்டேன்.

ஒரு ஞாயிறு மதியம் மாஸ்டர் வீட்டு ஹாலில் கூடினோம். மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலண்டரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஒரே ஆம்ப் பெட்டி, ஒரே பாட்டு. செல்வத்தின் கிட்டாரில் இரண்டு குமிழ். சுத்தமாக வாசித்தார், ஒரு தப்பு இல்லை. என் முறை வந்தபோது நான் மூன்று குமிழ்களையும் ஒருமுறை சரிபார்த்தேன், சாமி படத்தைத் தொடுகிற மாதிரி. அதன் பிறகு எனக்குப் பயமே இல்லை. அந்தப் பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வாசித்ததில்லை.

மாஸ்டர் திரும்பாமலே ரெண்டாவது ஆள் என்றார். அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வம் நல்ல மனிதர், கை கொடுத்தார். என் கிட்டாரை வாங்கி ஒருமுறை கழுத்திலும் போட்டுப் பார்த்தார். அவர் சொன்னதை நான் அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் ஒப்புக்கொண்டேன். "அண்ணே, இந்த அஞ்சு நாப் எங்கிட்ட இருந்தா நானும் இப்படித்தான் வாசிப்பேன்."

கோலா குபு பாருவில் மழை

தீபாவளி முடிந்த வாரம் கோலா குபு பாருவில் ஒரு டேவானில் பகல் நேரக் கலைநிகழ்ச்சி. மூன்று மணிக்கு மலையிலிருந்து மழை இறங்கியது. தகரக் கூரை. மேடையில் பாடுகிறவர் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. கூட்டம் எழுந்து வாசல் பக்கம் நகரத் தொடங்கியது. போய்விட்டால் அவ்வளவுதான், திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று மாஸ்டர் முகத்தில் எழுதியிருந்தது.

பின்னாலிருந்து அந்தோணி கத்தினான். அவன் வாசிக்கும்போது யாரிடமும் பேச மாட்டான். அன்றைக்குத்தான் முதல் தடவை. பேஸை ஏற்று என்று கத்தினான். நான் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினேன். அதற்கு மேல் போகாது என்று தெரிந்தும் இன்னும் ஒருமுறை அழுத்தினேன். கம்பியை அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று இழுத்து வாசித்தேன். மழைக்குக் கீழே தரை வழியாக அது போனது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு காலில் செருப்போடு ஆட ஆரம்பித்தார். பிறகு அவர் பெண்டாட்டியும் பிள்ளைகளும். கூட்டம் திரும்பி வந்தது. மழை நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

சாமான் ஏற்றும்போது அந்தோணி என்னிடம் வந்து, வியர்வைத் துண்டை என் கழுத்தில் போட்டான். பாராட்டு என்று அவன் எனக்குச் சொன்னது இது ஒன்றுதான். "ஏத்துனடா பாலா."

மாடு குறுக்கே வந்தது

ஒரு நிகழ்ச்சி முடிந்து லோரியில் வந்துகொண்டிருந்தோம். சாலையில் மாடு. டிரைவர் பிரேக் போட்டார். ஆம்ப் பெட்டி சரிந்து கிட்டார் மேல் விழுந்தது. உறையைத் திறந்தபோது தலை தனியாக, உடம்பு தனியாக. மாடு ஓரமாக நின்று மென்றுகொண்டிருந்தது.

மறுபடி மாஸ்டரின் இரண்டு குமிழ் கிட்டார். ஆறு வாரம் அதை வாசித்தேன். மாஸ்டர், ஒரு வித்தியாசமும் இல்லை என்றார். பாடகர், அதே சத்தம்தான் என்றார். கூட்டம் வழக்கம் போல என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது. எனக்கு மட்டும் கேட்டது: எல்லாம் தட்டையாக இருக்கிறது. எல்லோரும் என் மனம் நோகக் கூடாது என்று பேசுகிறார்கள் என்று நினைத்தேன். குமிழ் இல்லாத இடத்தில் விரல் போய் மரத்தைத் தடவித் திரும்பும். அந்தத் தடவலுக்குப் பிறகு வாசிக்கவே பயமாக இருந்தது. ஏழாவது வாரம் மாஸ்டரிடம் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் கீபோர்டு உறையின் ஜிப்பை இரண்டு முறை திறந்து மூடினார். என் இடத்துக்குச் செல்வம் வந்தார்.

உடைந்த கிட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தோணி வந்து, தன் அக்கா புருஷன் பத்தாங் காலியில் தச்சர், மரமாவது அவருக்கு உதவும் என்று கேட்டான். கொடுத்தேன். மோட்டார் சைக்கிளில் ஏறியவன் இறங்கித் திரும்பி வந்தான். போகாதே என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். "உள்ள இந்த மாசத்துப் பேட்டரி இருக்கா, கழட்டிட்டியா?"

ரொட்டிச்சானாய்க் கடை

பதினைந்து வருடம் கழித்து கோலா சிலாங்கூரில் ஒரு கடையில் நானும் அந்தோணியும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் கிட்டார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்டாருக்கு எத்தனை குமிழ் வேண்டும் என்று சண்டை. நான் சும்மா இருந்திருக்கலாம். நாற்காலியைத் திருப்பி, ஐந்து இல்லாமல் மேடை ஏறாதீர்கள் என்று என் நோட்டுப் புத்தகத்துக் கணக்கெல்லாம் சொன்னேன். அவர்கள் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். அந்தோணி பருப்புக் குழம்பில் ரொட்டியைத் தொட்டவன் தொட்டபடியே இருந்தான்.

அவர்கள் போனதும் சொன்னான். போர்டு செத்துவிட்டதாம், சாமான் கிடைக்கவில்லையாம். சத்தத்துக்கான இரண்டு குமிழ்களுக்கு நேர் வயர் கொடுத்து, மற்ற மூன்றையும் ஓட்டையை மறைக்கச் சும்மா மாட்டினானாம். வாசித்துப் பார்த்ததும் உண்மையைச் சொல்லத்தான் இருந்தானாம். நான் தோளைப் பிடித்து, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றதும் நாக்கு எழவில்லையாம். நான் சிரித்தேன். முதலைக் கதை மாதிரி இதுவும் ஒன்று என்றேன். அவன் சிரிக்கவில்லை. "வயரே இல்லலா பாலா. ஒன் பேட்டரியிலதான் நாலு வருசம் எங்கூட்டு ரேடியோ பாடுச்சு."

பத்தாங் காலியில் சாட்சி

அன்றிலிருந்து எனக்கு அமைதி இல்லை. ஒரு நாள் நம்புவேன், மறு நாள் நம்ப மாட்டேன். நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது: கோலா குபு பாரு. வயர் இல்லை என்று தெரிந்தவன் எதற்குப் பேஸை ஏற்று என்று கத்துவான்? பைத்தியமா? ஆனால் நம்பும் நாட்களில் வேறு கேள்வி வரும். வயர் இல்லையென்றால் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாஸ்டர் எதைக் கேட்டார்? அப்புறம் நான் எதற்காக விலகினேன்? என் மனைவி, இதற்கு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

இதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று பத்தாங் காலிக்குப் போனேன். அந்தோணியின் அத்தான் சேவியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கிட்டாரை விறகாக்கவில்லை. தலையைப் பசை போட்டு ஒட்டி, இரண்டு ஆணி இறக்கி, தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வாசித்திருக்கிறார். எங்கே அது என்றேன். ஐந்து வருடத்துக்கு முன் ஜொகூரில் உள்ள சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்தாராம். அங்கே வெள்ளத்தில் போய்விட்டதாம். பின் மூடியை எப்போதாவது திறந்தீர்களா என்றேன். மரவேலைதான் தெரியும், கரண்டு பக்கமே போக மாட்டேன் என்றார். கடைசியாக, மிகவும் சாதாரணமாகக் கேட்பது போல, அந்த மூன்று குமிழ்களும் எப்படி என்று கேட்டேன். சேவியர் கிட்டாரே மடியில் இருப்பது போலக் காற்றில் ஒன்றைத் திருகிக் காட்டினார். "அதெல்லாம் ஒரு கொறையும் இல்ல. அந்த நடு நாப் மட்டும் கொஞ்சம் கூடுதலாவே வேல செய்யும்."

ஒரே குமிழ்

இந்த வருடம் நான் மறுபடி ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன். பழையது. ஒரே ஒரு குமிழ், சத்தத்துக்கு மட்டும். எத்தனை குமிழ் வேண்டும் என்று யாராவது இப்போது கேட்டால் எனக்கு நேரடியாகப் பதில் சொல்ல வராது. ஒன்று போதும் என்று காலையில் தோன்றுகிறது. பயந்த சுபாவக்காரனுக்கு ஐந்து வேண்டும், அவற்றுக்கு வயர் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று சாயங்காலம் தோன்றுகிறது. முதல் வாரம் விரல் மரத்தைத் தடவியது. இப்போது குறைந்திருக்கிறது.

போன மாதம் அதை எடுத்துக்கொண்டு அந்தோணி வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டான். டிரம் இல்லை. பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்துக் குச்சியோடு உட்கார்ந்தான். குளிர்பெட்டி மேல் அந்தப் பழைய ரேடியோ இருந்தது. இப்போது அது கரண்டில் ஓடுகிறது. மாஸ்டர் வீட்டு ஹாலில் வாசித்த அதே பாட்டை வாசித்தோம். எனக்குக் கேட்டது அதே சத்தம்தானா, அல்லது அதே சத்தம் வேண்டும் என்று நான் கேட்டேனா, தெரியாது. இதை இனி என் காதிடம் கேட்டுப் பயனில்லை.

அதனால் பாட்டு முடிந்ததும் அவனிடமே கேட்டேன். வயர் இருந்ததா இல்லையா என்று கேட்கவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை, இத்தனை வருடக் குழப்பத்தையும் சுமந்துகொண்டு போய் நான் கேட்டது இந்த ஒரு வரிதான்: "வயர் இல்லன்னு தெரிஞ்சும் கோலா குபு பாருவுல பேஸ ஏத்துன்னு கத்துனியே அந்தோணி, ஏறுச்சா?"